பூஜ்யம் கிலோ

துறைமுகக் காப்பிக் கடைச் சுவரில்
ஒரு திரை தொங்குகிறது.
இன்று கரைசேர்ந்த படகுகள், எதிரே எடை.
அதை எழுதியவள் நான்,
ரெய்க்யாவிக்கில் நான்காம் மாடியில்
கடல் தெரியாத ஜன்னலோரம் உட்கார்ந்து.

இரண்டு அட்டவணைகள்.
ஒன்றில் படகு: பெயர், எண், நுழைந்த நேரம்.
மற்றதில் மீன்: இனம், எடை, எடைபோட்டவர் கையொப்பம்.
இரண்டையும் படகின் எண்ணால் முடிந்தேன்.
இரு பக்கமும் இருந்தால் மட்டும் காட்டு
என்று ஒற்றைச் சொல்லில் சொல்லியிருந்தேன்.
சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக வந்தது.
சோதனைக்கு நான் மிதக்கவிட்ட படகுகள் எல்லாம்
காட் மீனால் வழிந்தன.
கற்பனையில் யார்தான்
வெறும் வலையோடு திரும்புகிறார்கள்?

பிப்ரவரி. வடமேற்குக் காற்று.
எட்டுப் படகுகள் போயின.
திரையில் ஏழு.
ஸ்வாலா இல்லை.

ஹால்பெரா கடை மூடும்வரை திரையடியில் நின்றாளாம்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
பட்டியல் கண்சிமிட்டும்;
ஏழு, ஏழு, மறுபடி ஏழு.
கணவனின் தொலைபேசி ஒலிக்கவே இல்லை.
மீட்புக் குழு ஆரஞ்சு உடுப்புக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது
குளிர்கிடங்கின் பின்னால்,
பழைய கட்டுத்துறையில்,
யாரோ ஒரு விளக்கைப் பார்த்தார்கள்.

ஸ்னேபியோர்ன் எஞ்சினுக்குள் தலைவிட்டுக் கிடந்தான்.
நாலு மணிக்கே வந்துவிட்டான்.
தொலைபேசி எண்ணெயில் முங்கிச் செத்திருந்தது.
"ஒன்றும் சிக்கவில்லை,
அதனால் எடைமேடைப் பக்கம் போகவில்லை"
என்றான், ஸ்பேனரைக் கீழே வைக்காமல்.

மறுநாள் என்னை அழைத்தாள்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
"ஆட்னி, ஒன்று மட்டும் சொல்.
மீன் கிடைக்காதவன்
திரும்பி வந்தவன் இல்லையா?"

ஒரு சொல்லை மாற்றினேன்.
இடப்பக்கத்தார் எல்லாரும் வரட்டும்,
வலப்பக்கம் துணை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.
உடனே வந்தது ஸ்வாலா,
நேற்றைய தேதியோடு, 16:07.
எதிரே ஒன்றுமில்லை.
பூஜ்யம்கூட இல்லை.
தரவுத்தளம் அதை நல் என்கிறது.
ஒரு நல்லும் இன்னொரு நல்லும் ஒன்றா என்று கேட்டால்
ஆம் என்றும் சொல்லாது, அல்ல என்றும் சொல்லாது.
எனக்குத் தெரியாது என்பதைக்கூட
வாய் திறந்து சொல்லாத ஒரு பிறவி.

"பூஜ்யத்தைப் போட்டு மூடு,
ஒரு வரி வேலை" என்றான் ஸ்டூர்லா,
கோட்டை மாட்டிக்கொண்டே.
போட்டேன். பிறகு எடுத்தேன்.
பூஜ்யமும் ஓர் எடைதான்;
யாராவது கிடங்குக்குள் எட்டிப் பார்த்துச்
சொல்ல வேண்டியது அது.
நான் பார்க்கவில்லை.

கடைசியில் எழுதினேன்:
கரைசேர்ந்தது. எடை இன்னும் பதியவில்லை.

புயல் நாளில் வேறு சங்கடம்.
யாரும் போகவில்லை, வரிசையே இல்லை,
திரை வெள்ளையாக நிற்கிறது.
பழுது என்று ஒருவர் தட்டிப் பார்க்கிறார்.
கம்பி அறுந்தாலும் அதே வெள்ளைதான் என்பதுதான்
எனக்குப் பயம்.
இரண்டுக்கும் தனித்தனி வாசகம் வைத்தேன்.
இன்று எந்தப் படகும் திரும்பியதாகப் பதிவில்லை.
மற்றது:
எங்களுக்குத் தெரியவில்லை, துறைமுகத்தைக் கேளுங்கள்.
கூடவே எடைக்காரர் ஓட்கெய்ரின் எண்.
அவர் அதற்காக என்னை அழைத்துக் கத்தினார்.
கத்தி முடித்ததும் கேட்டார்:
"வெறும் கிடங்கில் எதையம்மா நான் எடைபோட?"

மார்ச்சில் ஒரு வியாழன், மாலை
காரணமில்லாமல் பட்டியலைத் திறந்தேன்.
ஒன்பது படகுகள். ஆறாவது ஸ்வாலா.
இனம்: கோடு.
எடை: 0 கிலோ.
கையொப்பம்: ஓட்கெய்ர்.

பனியில் நடந்து போய்,
குனிந்து பார்த்து, திரும்பி வந்து,
கையுறையைக் கழற்றித்
தட்டியிருக்கிறார் அந்த ஒற்றை வட்டத்தை.

அந்த வரிசையை மட்டும் தனியாகத் தேடிப் பார்த்தேன்.
வந்தது.
இன்னொரு முறை தேடினேன்.